தமிழ் வகுப்பின் கோப்புகளை எங்கே வைப்பது, யாரிடம் விடுவது?

மோக்கா ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். நான் அரசுத் தொடக்கப் பள்ளி ஒன்றில் தமிழ் கற்பிக்கிறேன். சனிக்கிழமைகளில் கோவில் சங்கம் நடத்தும் வகுப்பையும் பார்த்துக்கொள்கிறேன். தமிழ் இங்கே விருப்பப் பாடம் என்பதால், ஒரே தரத்தின் வெவ்வேறு பிரிவுகளில் இருக்கும் பிள்ளைகள் தமிழ் நேரத்துக்கு மட்டும் என் அறையில் வந்து கூடுகிறார்கள், மணியடித்ததும் கலைந்துவிடுகிறார்கள் என்பதை மொரீசியசில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்தச் சிறிய நேரத்துக்கு வெளியே அவர்களிடம் எதையாவது சேர்க்க வேண்டுமானால் கோப்பாகத்தான் சேர்க்க வேண்டியிருக்கிறது.

பாடநூல் மகாத்மா காந்தி நிறுவனத்திலிருந்து வருகிறது. அதைப் பற்றி எனக்குக் குறையில்லை. அதற்கு மேல் நாமே தயாரிக்கும் பயிற்சித்தாள், படம், குரல்பதிவு ஆகியவற்றைப் பற்றித்தான் கேட்கிறேன். வீட்டில் இங்குள்ள பேச்சுமொழியான கிரியோல் பேசி வளரும் பிள்ளைக்கு லகர, ளகர, ழகர வேறுபாட்டைத் தாளில் அச்சிட்டுக் கொடுத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. அதை ஒலியாகத்தான் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது அவரவர் கைக்கு எட்டிய வழியில் அனுப்பத் தொடங்கினோம். அந்த அவசர ஏற்பாடுகளே இன்றும் தொடர்கின்றன: கொஞ்சம் வாட்ஸ்அப், கொஞ்சம் மின்னஞ்சல், ஆசிரியர்களுக்குள் பென்டிரைவ். புயல் எச்சரிக்கையால் பள்ளி மூடப்படும் நாள்களில் எந்தத் தாள் யாரிடம் இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரிவதில்லை.

கோப்புகளை இணையத்தில் வைத்துப் பகிர உதவும் கூகுள் டிரைவ், டிராப்பாக்ஸ், ஒன்டிரைவ் ஆகியவற்றுள் எதைக் கொண்டு இதை ஒழுங்காகச் செய்யலாம்? பிள்ளைகளுக்குச் சொந்த மின்னஞ்சல் கிடையாது என்பதையும், பெற்றோரில் பலருக்குத் தமிழ் எழுத்து வாசிக்க வராது என்பதையும் மனத்தில் கொண்டு பதில் சொல்ல வேண்டுகிறேன்.

வாக்குவா வாத்தியார்

அம்மா, வணக்கம். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது எதற்காக என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வாட்ஸ்அப் ஏறக்குறைய எல்லாப் பெற்றோரின் கைப்பேசியிலும் இருக்கிறது. புதிய கணக்கு வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம், பயிற்சி வேண்டாம். 2022-இலிருந்து 2 ஜிபி வரையுள்ள கோப்புகளையும் அதில் அனுப்ப முடிகிறது. நம் பயிற்சித்தாள்களுக்கு அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேவைப்படாது. குரல்பதிவுக்கு அதைவிட எளிய வழியே இல்லை. ஒரு பொத்தானை அழுத்திப் பேசினால் முடிந்தது. எவ்வளவு நேர்த்தியாக அடுக்கிய கோப்புறையாக இருந்தாலும், பெற்றோர் அதைத் திறக்கவில்லையென்றால் அது இல்லாததற்குச் சமம். அவர்கள் நாள்தோறும் திறக்கும் இடத்தில் பாடத்தை வைப்பதே அறிவுடைமை.

ஒருங்குறி அன்பர்

எந்தச் சேவை என்ற கேள்விக்கு முன்னால் தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று தமிழ் ஆசிரியர்களுக்கு மட்டும் இருக்கிறது. பிரெஞ்சு ஆசிரியர் தம் வேர்ட் கோப்பை எந்த டிரைவில் போட்டாலும் எதிர்முனையில் அது பிரெஞ்சாகவே திறக்கும். நம்முடையதைப் பற்றி அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது. தமிழ் வகுப்புகளில் இன்றும் சுற்றிவரும் பயிற்சித்தாள்களில் கணிசமானவை பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவை. அந்த எழுத்துரு நிறுவப்படாத கணினியிலோ கைப்பேசியிலோ கோப்பைத் திறந்தால் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குப்பைதான் தெரியும். ஏனென்றால் கோப்புக்குள் உண்மையில் இருப்பவை அவைதான். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த எழுத்துருதான் அவற்றைத் தமிழாகக் காட்டிக்கொண்டிருந்தது.

பிடிஎஃப் ஆக்கிவிட்டால் எழுத்துருவும் கோப்புக்குள்ளேயே உட்பொதிக்கப்படுவதால் பார்வைக்குச் சரியாக இருக்கும். ஆனால் அது பாதித் தீர்வுதான். அந்தப் பிடிஎஃபிலிருந்து ஒரு வரியை நகலெடுத்துப் பாருங்கள், மறுபடியும் அதே குப்பை வரும். டிரைவின் தேடல் பெட்டியில் ‘வேற்றுமை’ என்று தட்டினால் அந்தத் தாள் அகப்படாது. கைப்பேசியின் வாசிப்புக் குரலும் அதைப் படிக்காது. பார்வைக் குறைபாடுள்ள பிள்ளையோ, தமிழ் வாசிக்கத் தெரியாத பெற்றோரோ அந்த வசதியை நம்பியிருந்தால் அவர்களுக்கு அந்தக் கோப்பு ஊமையாகவே இருக்கும். பல ஆண்டுத் தாள்களைச் சேர்த்து வைத்துவிட்டு, பெயரை நினைவில் வைத்திருந்தால் மட்டுமே எடுக்க முடியும் என்றால் அதை நூலகம் என்று சொல்வதற்கில்லை.

ஆகவே முதல் வேலை எல்லாவற்றையும் யூனிகோடுக்கு, அதாவது எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டுக்கு, மாற்றுவது. என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற இலவச மாற்றிகள் பாமினி, டிஸ்கி, டேப், டேம் ஆகிய பழைய குறியீடுகளிலிருந்து மாற்றித் தரும். மாற்றிய பின் ஒருமுறை கண்ணால் படித்துத் திருத்த வேண்டும். ஒகர ஓகாரங்களிலும், இடையிடையே ஆங்கிலச் சொல் கலந்த வரிகளிலும் பிழை விழும். மூலக்கோப்பு தொலைந்து அச்சுத்தாள் மட்டும் கையிலிருந்தால், அதைத் தெளிவாகப் படமெடுத்து டிரைவில் ஏற்றி, ‘கூகுள் டாக்ஸ் கொண்டு திற’ என்று கொடுத்தால் படத்திலுள்ள எழுத்துகளை அது தமிழாகவே எடுத்துத் தரும். படம் 2 எம்பிக்குள் இருந்தால் நல்லது. அச்செழுத்தை நன்றாக எடுக்கிறது; பிள்ளைகளின் கையெழுத்தை அதனிடம் நம்பிக் கொடுக்க வேண்டாம். இனிமேல் தட்டச்சு செய்வதற்குத் தமிழ்99 விசைப்பலகை போதும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி வந்த அந்த அமைப்பு இன்று விண்டோசிலும் கைப்பேசிகளிலும் கிடைக்கிறது.

இன்னொன்று, கோப்புப் பெயர்கள். பல கோப்புகளை ஒரே ஜிப் பொதியாகக் கட்டி அனுப்பும்போது பழைய கணினிகள் தமிழ்ப் பெயர்களைச் சிதைத்துவிடுகின்றன. பெற்றோருக்கும் உதவுமாறு தரத்தின் எண்ணையும் தேதியையும் முன்னால் எண்களில் வைத்து, பாடத் தலைப்பைப் பிரெஞ்சிலும் சேர்த்துவிட்டால், உள்ளே தமிழ் படிக்கத் தெரியாத தாயும் எந்தத் தாளைப் பிள்ளைக்குத் திறந்து கொடுக்க வேண்டும் என்பதைக் கண்டுகொள்வார்.

ரோஸ் ஹில் பெற்றோர்

மேலே சொன்ன ‘தமிழ் படிக்கத் தெரியாத தாய்’ நான்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓரளவு படிப்பேன், ஆனால் மெதுவாக. இந்தப் பதிவைக்கூட என் மாமியார்தான் திருத்தித் தருகிறார்.

வாத்தியார் ஐயாவுக்கு ஒரு சொல். வாட்ஸ்அப்பில் நீங்கள் அனுப்புவது என்னிடம் வந்து சேர்கிறது, மறுக்கவில்லை. ஆனால் மூன்று பிள்ளைகளின் எல்லாப் பாடக் குழுக்களும் ஒரே கைப்பேசியில் குவிகின்றன. தேர்வுக்கு முன் பழைய பாடத்தைத் தேடினால், வாழ்த்துப் படங்களுக்கும் ‘நன்றி மிஸ்’ என்ற பதில்களுக்கும் நடுவே அது புதைந்து கிடக்கிறது. தாமதமாகத் திறந்தால் சில கோப்புகள் இறங்குவதே இல்லை. அனுப்பியவரிடம் மீண்டும் கேள் என்று சொல்கிறது. கைப்பேசி நிரம்பிவிட்டால் நான் முதலில் அழிப்பதும் அவற்றைத்தான். பாடத்தின் பிரதி என் கைப்பேசியில் இருந்தாக வேண்டும் என்ற ஏற்பாடே எனக்குச் சரியாகப் படவில்லை.

இணைப்பு ஒன்றைக் கொடுத்துவிட்டு எப்போது வேண்டுமானாலும் வந்து பார்த்துக்கொள் என்று சொன்னால் எனக்கு அது போதும். அதைத் திறப்பதற்கும் கணக்கைத் தொடங்கு, உள்நுழை என்று கேட்காமல் இருக்க வேண்டும்.

சட்டம் படித்தவன்

கணக்கில்லாமல் திறக்கும் வசதி எல்லாச் சேவைகளிலும் உண்டு. கூகுள் டிரைவில் ஒரு கோப்புறையை ‘இணைப்பு வைத்திருக்கும் எவரும்’ என்ற நிலையில், ‘பார்வையாளர்’ உரிமையுடன் பகிர்ந்தால் போதும். ‘திருத்துபவர்’ உரிமையைக் கொடுத்துவிடாதீர்கள்; அப்படிக் கொடுத்த கோப்புறையில் யார் வேண்டுமானாலும் கோப்புகளை நீக்கலாம், இடம் மாற்றலாம்.

ஆனால் அந்த ஒரே கோப்புறையில் எவற்றை வைக்கிறோம் என்பதில் ஆசிரியர்கள் அலட்சியமாக இருப்பதைப் பார்க்கிறேன். பயிற்சித்தாள் ஊருக்கே தெரிந்தாலும் தீங்கில்லை. பிள்ளையின் பெயர் எழுதிய விடைத்தாள், மதிப்பெண் பட்டியல், பிள்ளையின் குரல், முகம் தெரியும் காணொளி ஆகியவை அப்படியல்ல. அவை தனிநபர் தரவு. மொரீசியசின் 2017-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2018 ஜனவரியிலிருந்து நடைமுறையில் உள்ளது. 16 வயது நிரம்பாத பிள்ளையின் தனிநபர் தரவைக் கையாள்வதற்குப் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் ஒப்புதல் வேண்டும் என்று அது கூறுகிறது. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் அனைவரும் அந்த வயதுக்குள்தான் வருகிறார்கள். கோவில் வகுப்பு பள்ளியல்லவே என்ற சமாதானமும் செல்லாது. சங்கமும் தரவைக் கையாள்கிறது.

‘இணைப்பு யாருக்கும் தெரியாது’ என்பதையும் பாதுகாப்பாகக் கருத வேண்டாம். இணைப்பை ஒரு பெற்றோர் அத்தைக்கு அனுப்புவார், அத்தை குடும்பக் குழுவில் போடுவார். அது போய்ச் சேரும் இடங்களை நீங்கள் அறியவே முடியாது. ஆகவே எல்லோருக்கும் திறந்திருக்கும் கோப்புறையில் ஆசிரியர் உருவாக்கியவை மட்டும் இருக்கட்டும்; பிள்ளைகளிடமிருந்து வருபவை வேறிடத்துக்குப் போகட்டும். வாத்தியார் ஐயாவின் வாட்ஸ்அப் குழுவைப் பற்றியும் இதே கேள்வி எழும்: ஒவ்வொரு பெற்றோரின் கைப்பேசி எண்ணும் மற்ற எல்லாப் பெற்றோருக்கும் தெரிகிறது, அதற்கு யாரும் அவர்களைக் கேட்டதாக நினைவில்லை.

சான்-தெனி மன்றத்தார்

பிரான்சுக்கு உட்பட்ட ரீயூனியன் தீவிலிருந்து எழுதுகிறேன். எங்களுக்குப் பொருந்துவது ஐரோப்பியப் பொதுத் தரவுப் பாதுகாப்பு விதி; இணையச் சேவைகளுக்குப் பிள்ளை தானே ஒப்புதல் தரக்கூடிய வயதைப் பிரான்சு 15 என வைத்திருக்கிறது. பிரெஞ்சுக் கல்வி அமைச்சு தன் ஆசிரியர்களுக்கு நெக்ஸ்ட்கிளவுட் என்ற திறமூல மென்பொருளில் இயங்கும் சேமிப்பகத்தை வழங்குகிறது. எங்களைப் போல் மன்றங்களில் தமிழ் கற்பிப்பவர்களுக்கு அந்தக் கதவு திறப்பதில்லை. ஆயினும் நெக்ஸ்ட்கிளவுடை வாடகைச் சேவையகத்தில் நாமே நிறுவிக்கொள்ளலாம். கணினி அறிந்த ஓர் உறுப்பினர் அதைத் தொடர்ந்து பராமரிக்க முன்வந்தால் மட்டும் இதைத் தொடங்குங்கள். பராமரிக்காத சேவையகம் கூகுளைவிட ஆபத்தானது.

மோக்கா ஆசிரியை

எழுத்துருவைப் பற்றிய பதிவு என் பழைய தாள்கள் பலவற்றுக்கு அப்படியே பொருந்துகிறது. சட்டம் படித்தவர் சொன்ன இரண்டு இடங்கள் என்ற பிரிவும் தெளிவாக இருக்கிறது. ஆனால் அந்த இரண்டாவது இடம் எது? பிள்ளைகள் எழுதியதும் வாசித்ததும் எனக்குத் திரும்பி வர வேண்டும், ஒருவருடையதை மற்றவர் பார்க்கக் கூடாது, கணக்கும் இல்லை. கூகுள் படிவத்தில் கோப்பு ஏற்றும் வசதியை முயன்றபோது அது கூகுள் கணக்கில் உள்நுழையச் சொல்கிறது.

மயேபூர் நூலகர்

கோப்பு ஏற்றும் வினா இருந்தால் கூகுள் படிவம் உள்நுழைவைக் கட்டாயமாகக் கேட்கும், அதற்கு மாற்றுவழியில்லை. 13 வயதுக்குட்பட்ட பிள்ளை தானாகக் கூகுள் கணக்குத் தொடங்கவும் முடியாது. பள்ளி நிர்வாகம், பள்ளிகளுக்கென்று கூகுள் தரும் சேவைத் தொகுப்பான கல்விக்கான கூகுள் பணித்தளத்தைப் பெற்று, பெற்றோர் ஒப்புதலோடு பிள்ளைகளுக்குக் கணக்கு உருவாக்கினால் கூகுள் கிளாஸ்ரூமிலேயே எல்லாவற்றையும் முடித்துக்கொள்ளலாம்; ஒவ்வொரு பிள்ளையின் படைப்பும் ஆசிரியருக்கு மட்டுமே தெரியும். அது தனியாசிரியர் ஒருவர் செய்யக்கூடிய காரியமல்ல.

உங்கள் நிலைக்கு டிராப்பாக்சின் ‘கோப்பு வேண்டுகோள்’ பொருத்தமானது. நீங்கள் ஓர் இணைப்பை உருவாக்கி அனுப்பினால், டிராப்பாக்ஸ் கணக்கே இல்லாதவரும் அதன் வழியே கோப்பை ஏற்றலாம். ஏற்றியவரால் அந்தக் கோப்புறைக்குள் வேறு என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாது. ஏற்றும்போது பெயரைக் கேட்கும் என்பதால் யாருடையது என்ற குழப்பமும் குறையும். குறை என்னவென்றால், இலவசக் கணக்கில் இடம் 2 ஜிபிதான். ஒன்டிரைவில் இலவசமாக 5 ஜிபி, கூகுளில் 15 ஜிபி. ஆனால் கூகுளின் 15 ஜிபியை உங்கள் மின்னஞ்சலும் புகைப்படங்களும் பங்கு போட்டுக்கொள்ளும்.

இடம் நிரம்புவது பெரும்பாலும் பெற்றோர் அனுப்பும் புகைப்படங்களால்தான். ஒரு பக்கத்தைக் கைப்பேசியில் படமெடுத்தால் சில எம்பி பிடிக்கும். ஐபோன் எடுக்கும் ஹெய்க் வடிவப் படங்கள் பள்ளியின் பழைய விண்டோஸ் கணினியில் திறக்காமலும் போகலாம். அதற்குப் பதில் கைப்பேசியின் வருடல் (ஸ்கேன்) வசதியைக் கொண்டு பிடிஎஃபாக எடுக்கச் சொல்லுங்கள். ஆண்ட்ராய்டில் கூகுள் டிரைவ் செயலிக்குள்ளேயே அது இருக்கிறது. நிழல் நீங்கி எழுத்து தெளிவாகத் தெரியும், சிவப்பு மையில் திருத்தவும் வசதி. திருத்தித் திருப்பிக் கொடுத்ததும் பிள்ளைகளின் கோப்புகளை அழித்துவிடுங்கள். இடத்துக்காக மட்டும் சொல்லவில்லை. தேவை தீர்ந்த தரவை வைத்திருக்கக் கூடாது என்பதும் அந்தச் சட்டத்தில்தான் இருக்கிறது.

நூலகன் என்ற முறையில் இன்னொன்றையும் சொல்லாமல் போக மனம் வரவில்லை. கதைப்புத்தகம் முழுவதையும் வருடி வகுப்புக் கோப்புறையில் போடுவது பல ஊர்களில் வழக்கமாகிவிட்டது. நம் தீவில் தமிழ் நூல் கிடைப்பது அரிது, சென்னையிலிருந்து வரவழைக்கும் செலவும் மிகுதி, அதெல்லாம் உண்மைதான். ஆனாலும் திறந்த இணைப்பில் முழுநூலை வைப்பது வகுப்பறைப் பயன்பாடு என்ற எல்லையைத் தாண்டி வெளியீடாகவே ஆகிவிடுகிறது. உரிமைச் சிக்கலில்லாத நூல்கள் ஏராளமாக இருக்கும்போது இந்த வம்பு ஏன்? 1998-இல் பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள், முகப்புப் பக்கத்தை நீக்காமல் வைத்திருக்கும் வரை யாரும் பகிரலாம் என்ற அனுமதியோடே வருகின்றன. அந்த முகப்புப் பக்கத்தைத்தான் நம்மவர்கள் முதல் வேலையாக வெட்டி எறிகிறார்கள்! தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் நாட்டுடைமையாக்கப்பட்ட எழுத்தாளர்களின் நூல்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டுப் பாடநூல்களைப் பொறுத்தவரை, கோப்பைப் பிரதியெடுத்து வைப்பதைவிட அவர்கள் தளத்தின் இணைப்பைக் கொடுப்பதே முறை. திருத்திய பதிப்பு வரும்போது பழைய பிரதி உங்கள் கோப்புறையில் தங்கிவிடும் தொல்லையும் இருக்காது.

வாக்குவா வாத்தியார்

எல்லாவற்றையும் பொறுமையாகப் படித்தேன். பெற்றோர் சகோதரி சொன்ன ‘புதைந்து கிடக்கிறது’ என்பதை ஒப்புக்கொள்கிறேன். கைப்பேசி எண்கள் பற்றிய கேள்விக்கும் என்னிடம் பதிலில்லை. இருந்தாலும் இந்த இழையில் பேசுபவர்கள் எல்லோரும் வீட்டில் வைஃபை உள்ளவர்கள் என்று எனக்குப் படுகிறது. என் வகுப்பில் சில பிள்ளைகளின் வீட்டில் இணையம் என்பது தந்தையின் கைப்பேசியில் முன்பணம் கட்டிய தரவு மட்டுமே. அந்தக் கைப்பேசியும் அவர் வேலை முடிந்து வந்த பிறகுதான் வீட்டில் இருக்கும். வாட்ஸ்அப்பில் வந்த கோப்பு ஒருமுறை இறங்கிவிட்டால், தரவு தீர்ந்த பிறகும் பிள்ளை அதைத் திறக்கலாம். நீங்கள் சொல்லும் இணைப்பை ஒவ்வொரு முறையும் இணையத்தில் போய்த் திறக்க வேண்டும். பெரிய காணொளியை ஏற்றிவைத்துவிட்டு, பார்க்கவில்லை என்று அந்தப் பிள்ளையைக் கேட்பது நியாயமாகாது.

ஒருங்குறி அன்பர்

ஐயா சொன்ன குறையைத் தட்டிக்கழிக்க முடியாது. டிரைவிலிருந்தும் கோப்பை இறக்கிக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளலாம் என்றாலும், அதைப் பெற்றோருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. வாட்ஸ்அப்பில் அது தானாக நடந்துவிடுகிறது. காணொளி தேவையா என்றே முதலில் கேட்டுக்கொள்ளலாம். உச்சரிப்புப் பயிற்சிக்கு ஒலி போதும். ஒரு நிமிடக் குரல்பதிவு ஒரு எம்பிக்குள் அடங்கிவிடும், அதே ஒரு நிமிடத்தைக் கைப்பேசிக் காணொளியாக எடுத்தால் பல பத்து எம்பி ஆகிவிடும். தாள்களையும் எழுத்தாகவே வைத்துப் பிடிஎஃபாக்கினால் சில நூறு கிலோபைட்டில் முடியும். அச்சிட்டு, அதைப் படமெடுத்து, படத்தை மறுபடி பிடிஎஃபாக்கும் சுற்றுவழியால்தான் கோப்புகள் பெரிதாகின்றன. இணையமே இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அச்சுத்தாளைக் கையில் கொடுப்பதை எந்தச் சேவையும் மாற்றிவிடாது, மாற்றவும் வேண்டாம்.

மோக்கா ஆசிரியை

நான் செய்யப்போவதை எழுதிவிடுகிறேன். பயிற்சித்தாள்களும் ஒலிப்பதிவுகளும் டிரைவில், பார்வையாளர் உரிமையுடன். பிள்ளைகளின் படைப்புகள் டிராப்பாக்ஸ் வேண்டுகோள் வழியாக, அதுவும் பெற்றோரின் எழுத்து ஒப்புதல் கிடைத்த பிறகு. சிறிய கோப்புகளை வாத்தியார் ஐயா சொன்ன காரணத்துக்காக வாட்ஸ்அப்பிலும் அனுப்புவேன், ஆனால் குழுவாக அல்லாமல் ஒலிபரப்புப் பட்டியலாக. அதில் பெற்றோர் எண்கள் ஒருவருக்கொருவர் தெரியாது.

ஒரு கேள்வி பாக்கி. டிரைவில் எல்லாம் என் சொந்தக் கணக்கின் கீழ் இருக்கின்றன. எனக்கு வேறு பள்ளிக்கு மாற்றல் வந்தாலோ, கோவில் வகுப்பை வேறொருவர் ஏற்றாலோ என்ன செய்வது? கோப்புறையின் உரிமையை மாற்றிக்கொடுத்தால் போதுமா?

மயேபூர் நூலகர்

போதாது. தனிக்கணக்குகளில் கோப்புறையின் உரிமையை மாற்றினால் கோப்புறை மட்டும்தான் மாறும். உள்ளே இருக்கும் கோப்புகள் உங்கள் பெயரிலேயே நிற்கும், உங்கள் 15 ஜிபியிலேயே கணக்கிடப்படும். உங்கள் கணக்கை மூடினால் அவையும் போய்விடும். கோப்புகளைத் தேர்ந்தெடுத்துத் தனியாக மாற்ற வேண்டும், பெறுபவரும் ஏற்றுக்கொள்ள வேண்டும். பள்ளி நிர்வகிக்கும் கணக்கிலிருந்து வெளியாரின் சொந்தக் கணக்குக்கு உரிமையை மாற்றவே முடியாது. பிரதி எடுத்துக் கொடுக்கலாம். பள்ளிக்குக் கல்விப் பணித்தளம் இருந்தால் அதிலுள்ள ‘பகிர்ந்த டிரைவ்’ இதற்காகவே ஏற்பட்டது: கோப்பு எந்த ஆசிரியருக்கும் சொந்தமில்லை, நிறுவனத்துக்கே சொந்தம், ஆசிரியர் விலகினாலும் அங்கேயே இருக்கும்.

கோவில் வகுப்புக்கு, சங்கத்தின் பெயரில் ஒரு கணக்கை இப்போதே தொடங்கி, கடவுச்சொல்லைச் செயலாளரிடமும் பொருளாளரிடமும் கொடுத்து, மீட்பு எண்ணாக உங்கள் எண்ணை வைக்காமல் சங்கத்தின் எண்ணை வையுங்கள். தாள்களை அந்தக் கணக்கிலிருந்தே ஏற்றுங்கள். இரண்டு ஆண்டுகள் எவரும் உள்நுழையாத தனிக்கணக்குகளை நீக்கும் விதியைக் கூகுள் 2023-இல் கொண்டுவந்தது. வகுப்பு சில காலம் நடக்காமல் நின்றிருந்தாலும், ஆண்டுக்கொருமுறை தைப்பூசக் கூட்டத்தின்போதாவது செயலாளர் அதைத் திறந்து பார்க்கும்படி நிகழ்ச்சி நிரலில் எழுதி வைத்துவிடுங்கள்.